அளவெடுத்து வாங்கிய ஆமை

“அவ வாசல்ல கால் வைக்கிறதுக்குள்ள நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்லிடுவேன்.”

“நீ வாயைத் திறந்து பாரு! மூணு மாசமா காப்பாத்திட்டு வர்ற மானம்டி இது.”

“மானமாம் மானம்! புதைச்சது நீங்க, பொய் சொல்லணும்னா மட்டும் நானா?”

“சும்மாவா மாத்தி வெச்சேன்? டேப் வெச்சு அளந்து, அதே ஏழு அங்குலத்துல தேடிப் பிடிச்சு வாங்கியிருக்கேன். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது.”

பெருமையாகச் சொல்லிவிட்டுத் திரும்பினார் தையல்காரர். வாசலில் பெட்டியும் கையுமாக மகள் நின்றிருந்தாள்.

அவர் கழுத்தில் கிடந்த டேப் நழுவிக் கீழே விழுந்தது.

“எப்... எப்பம்மா வந்தே?”

“‘புதைச்சது நீங்க’ன்னு அம்மா சொன்னாங்கல்ல? அப்பவே வந்துட்டேன்ப்பா.”

எட்டு வருடம் வளர்த்த ஆமை. வேலை கிடைத்து வெளியூர் போனபோது அப்பாவை நம்பித்தான் விட்டுப் போனாள். அதன் பெயர் மேஸ்திரி. கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்து, ‘இங்கே எதுவுமே சரியில்லை’ என்பது போல நடக்கும். அதனால் வந்த பெயர்.

மகள் நேராகத் தையல் மெஷின் பக்கத்தில் இருந்த மரப்பெட்டிக்குப் போனாள். உள்ளே இருந்த ஆமையைத் தூக்கித் திருப்பிப் பார்த்தாள்.

“மேஸ்திரிக்கு ஓட்டுல பின்பக்கம் ஒரு துண்டு உடைஞ்சிருக்கும். அதான் வீடியோ கால்ல மூஞ்சிய மட்டும் காட்டுனீங்களா?”

“பின்பக்கமும் காட்டுங்கன்னு நான் சொன்னேன்மா. அதுக்கு வெக்கமா இருக்காம், உங்கப்பா சொன்னாரு” என்றாள் மனைவி, சமயம் பார்த்து.

“நீ சும்மா இரு” என்றவர் மகளிடம் திரும்பினார். “வாங்கும்போது இதுக்கு மூக்கு ஒழுகிட்டு இருந்துச்சும்மா. ஓட்டை அமுக்குனா உள்ள போச்சு. மேஸ்திரிக்குன்னு நீ போன்ல சொன்ன வைத்தியமெல்லாம் இதுக்குத்தான் செஞ்சேன். காலையில வெயில், வெதுவெதுப்பான தண்ணியில குளியல், இலை மேல சுண்ணாம்புச்சத்துப் பவுடர். டாக்டர்கிட்டயே நாலு தடவை தூக்கிட்டுப் போனேன்.”

மகள் ஓட்டைத் தட்டிப் பார்த்தாள். கெட்டியாக இருந்தது. அவளால் கோபத்தைத் தொடர முடியவில்லை. மெதுவாகக் கேட்டாள்.

“மேஸ்திரிக்கு என்னப்பா ஆச்சு?”

“பனிக்காலத்துல பெட்டியில இருந்த பல்பு பியூஸ் போச்சு. மறுநாளே வேற மாட்டிட்டேன்.”

“எந்தப் பல்பு?”

“மெஷினுக்கு மேல போடுவேன்ல, அந்த வெள்ளை லைட். பளிச்சுனுதான் இருந்துச்சு.”

“ஐயோ அப்பா, அது வெளிச்சத்துக்கு இல்ல. சூட்டுக்கு!”

தையல்காரரின் முகம் சுண்டிப்போனது.

“அப்புறம் அது சாப்பிடல. அசையல. ரெண்டு வாரம் பார்த்தேன். தொட்டா கல்லு மாதிரி ஜில்லுனு இருந்துச்சு. வெல்வெட் துணியில சுத்தி ரோஜாச் செடிக்குப் பின்னாடி புதைச்சேன். உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதுக்கப்புறம் அந்தப் பக்கமே நான் போகல.”

“நாத்தம் அடிச்சுச்சா?”

“இல்ல.”

“கால் துவண்டு தொங்குச்சா?”

“இல்லம்மா. உள்ள இழுத்து வெச்சிருந்துச்சு.”

மகள் சட்டென்று ஆமையைப் பெட்டியில் விட்டாள். “மண்வெட்டி எங்க?”

மூன்று பேரும் தோட்டத்துக்கு ஓடினார்கள்.

“பார்த்துப் போங்க! கீரைப் பாத்திய மிதிச்சுடாதீங்க” என்று பின்னால் கத்தினாள் மனைவி. “ஏற்கெனவே பக்கத்து வீட்டு டீச்சரம்மாவோட முயல் பாதியை மொட்டை அடிச்சுடுச்சு. கூண்டுல பூட்டி வெச்சிருக்கேன்னு சத்தியம் பண்றா. ஒரு மாசமா அவகூட நான் பேசறதே இல்ல.”

அதைக் கேட்க யாருக்கும் பொழுதில்லை. ரோஜாச் செடிக்குப் பின்னால் குவிந்திருந்த சருகைக் காலால் தள்ளினாள் மகள்.

“குளிர் வந்தா ஆமை தூங்கிடும்ப்பா. மாசக்கணக்குல தூங்கும். நம்ம வீட்ல சூடு இருந்ததால அது தூங்கினதே இல்ல. டாக்டர் பார்க்காம செத்துப் போச்சுன்னு முடிவு கட்டவே கூடாது.”

தையல்காரர் வெட்டினார். மண் பொலபொலவென்று இருந்தது. ஓரடி போனதும் வெல்வெட் துணி தட்டுப்பட்டது. கிழிந்து கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

“நாய் தோண்டித் தின்னிருக்கும்” என்றார். அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “தூங்கினதைப் போய் புதைச்சுட்டேனே. உயிரோட இருந்ததைப் போய்...”

மகள் அவர் தோளில் கை வைத்தாள்.

அப்போது பாத்திப் பக்கமிருந்து மனைவியின் அலறல்.

“வந்துருச்சு! திரும்ப வந்துருச்சு! இன்னிக்கு அந்த முயலைக் கையும் களவுமா பிடிச்சு அவ முன்னாடி நிறுத்துறேன், வாங்க!”

கீரைகள் அசைந்தன. துடைப்பத்தின் காம்பால் இலைகளை விலக்கினாள்.

வாயில் கீரைத் தண்டோடு கழுத்தை நீட்டி, ‘இங்கே எதுவுமே சரியில்லை’ என்பது போல அவளை ஏறிட்டுப் பார்த்தது, ஓட்டில் பின்பக்கம் ஒரு துண்டு உடைந்த ஆமை.

அந்த வீட்டில் இப்போது ரெண்டு ஆமையும் சௌக்கியம். ஆனால் தையல்காரர் மனைவிதான் பாவம், ஒரு கட்டுக் கீரையோடு டீச்சரம்மா வீட்டு வாசலில் பத்து நிமிஷமாக நிற்கிறாள். முதலில் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்பதா, முயலிடமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் சீக்கிரம் பதில் போடுங்கள், கதவு திறக்கிற சத்தம் கேட்கிறது.