முந்நூறு மீட்டர்

ஜெர்மனியில் ஒரு பள்ளத்தாக்கின் மேல், தேவைப்பட்டால் மட்டும் இன்ஜினைப் போட்டு மற்ற நேரம் காற்றிலேயே மிதக்கும் அந்த மோட்டார் கிளைடர் தானாகவே பறந்துகொண்டிருந்தது. உள்ளே இருந்த ஒரே ஆள், அதை வடிவமைத்த இளம்பரிதி. அதற்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவள் விமானியான அவன் மனைவி லோசனி. அவள் இறந்து எட்டு மாதம் ஆகிறது.

உயரம் முந்நூறு மீட்டருக்குக் கீழே போனால் கிளைடர் உடனே இன்ஜினைக் கிளப்ப வேண்டும் என்பது விதி. இது எப்போதும் தாமதித்தது. இன்றும் தாமதித்து, உள்ளே இருப்பவர் பொத்தானை அமுக்கி இன்ஜினைக் கிளப்ப வேண்டி வந்தால், லோசனி கற்றுக்கொடுத்ததை முழுக்க அழித்துவிட்டு, வேறொரு விமானியிடம் பயிற்சிக்கு விடுவார்கள்.

“முந்நூறுக்குக் கீழ போயிட்ட. இன்ஜின் வந்துச்சா?” தரையிலிருந்து ரேடியோவில் கேட்டார் சோதனைப் பொறுப்பாளர், நாகர்கோவில் ரெஜினா அக்கா.

“வரலைக்கா.”

“நீயே பொத்தானை அமுக்குடே.”

“அமுக்கினா அவளை அழிச்சிடுவீங்க.”

“அமுக்கலைன்னா உன்ன மொறத்துல வச்சுதான் அள்ளணும், மக்கா!”

இருநூற்று நாற்பது. கீழே, அறுத்த புல் காய்ந்துகொண்டிருந்த ஒரே ஒரு வயல் பழுப்பாகத் தெரிந்தது. கிளைடர் இறக்கையைச் சாய்த்து அதை நோக்கித் திரும்பியது. இருநூற்றுப் பத்தில், இருக்கை அவனை அடியிலிருந்து தூக்கியது. வயலிலிருந்து எழுந்த சூட்டுக் காற்றில் கிளைடர் வட்டமிட்டு ஏறியது. நானூறு. எண்ணூறு. ஒரு சத்தமும் இல்லை. மலைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. எட்டு மாதமாக மரத்துக் கிடந்த உடம்பு அவனுக்குச் சிலிர்த்தது.

“ஏறுதே! இன்ஜினைப் போட்டியா?”

“இல்லக்கா. அவ இந்தச் சூட்டுக்காகத்தான் காத்திருந்திருக்கா.”

ரேடியோவில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

“சரி, விதியை இருநூறுன்னு மாத்தி எழுதுதேன்,” என்றார் அக்கா. “நீ மெதுவா இறங்கி வா.”