வெள்ளிக்கிழமை மேளம்

வார்டுதோறும் வாராந்திரக் கலை நிகழ்ச்சி நடத்தும் திட்டத்துக்கு மாநகராட்சி கருத்துக் கேட்டபோது வார்டில் எல்லோரும் கர்நாடக சங்கீதம் என்றுதான் சொன்னார்கள். அனுசுயாவும் அப்படித்தான் சொன்னாள். மாநகராட்சியோ வாய் சொன்னதை விட்டுவிட்டு, ஒவ்வொரு இசைக்கும் அவரவர் மணிக்கட்டில் கட்டிய கருவிப் பட்டை காட்டிய நாடித்துடிப்பை எடுத்துக்கொண்டது. வார்டுக்குச் சாவு மேளம் ஒதுக்கப்பட்டது. வெள்ளிதோறும் மாலையில் பூப்பல்லக்கு, குத்தாட்டம், சம்பளத்துக்கு அழும் பெண்கள், பிணமாகப் படுக்க ஒரு நடிகர். பால்கனியெல்லாம் கூட்டம்.

ஒரு வெள்ளிக்கிழமை அனுசுயாவின் கணவர் லோகநாதன் நிஜமாகவே இறந்துபோனார். அன்று மாலையே இறுதி ஊர்வலம்; அதே மேளம், அதே பல்லக்கு. அனுசுயா தெருவில் விழுந்து புரண்டு அழுதாள். யாரும் இறங்கி வரவில்லை; மேலிருந்தே கைதட்டினார்கள்.

எதிர்வீட்டு ஷர்மிளா பால்கனியிலிருந்து குரல் கொடுத்தாள். "அக்கா, நீங்களும் சேந்துட்டீங்களா? சொல்லவே இல்ல. அண்ணன் கொஞ்சங்கூட அசையலையே."

"அவரு செத்துட்டாருடி."

"அதான் பாத்தாலே தெரியுதே. அவ்ளோ தத்ரூபம்."

மறுநாள் காலை அனுசுயாவுக்கு மாநகராட்சியிலிருந்து செய்தி வந்தது. வார்டின் நாடித்துடிப்பு இதுவரை இல்லாத அளவுக்கு உயர்ந்திருப்பதால், பொதுமக்கள் விருப்பப்படி இனி வெள்ளிதோறும் அவளும் லோகநாதனும் நிகழ்ச்சிக்கு வர வேண்டும்.