பிரஷ்ஷா, துணியா?

"பிரஷ்ஷா, ரோலரா, துணியா? மொதல்ல அதை முடிவு பண்ணுங்கம்மா. வார்னிஷை அப்புறம் பார்த்துக்கலாம்," என்றார் பெயின்ட் கடைக்காரர்.

எதிரே நின்ற பெண் கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆன முகம்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. மரக் கட்டில். இந்தத் தடவை நல்லாத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் தொடணும். போன தடவை எங்கப்பாவோட கட்டிலுக்கு எங்க வீட்டுக்காரர் பூசினார். எல்லாமே போச்சு."

"கோடு கோடா விழுந்திருக்கும். கை பழகாதவங்க பூசினா அப்படித்தான்."

"அதுலேருந்து அவர் வீட்டுல இல்ல. ஒம்பது மாசமாச்சு," என்றாள்.

கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "ஒரு கட்டிலுக்கா கோவிச்சுக்கிட்டுப் போனாரு? பயங்கர ரோஷக்காரரா இருப்பாரு போல."

"அவர் போகலண்ணே. நான்தான் அனுப்பினேன். தப்பு அவர் மேல இல்லன்னு தெரிஞ்சாத்தான் திரும்பக் கூட்டிட்டு வர முடியும். அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

கடைக்காரருக்கு மனசு இளகிவிட்டது. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மலிவு பிரஷ் முடி உதிர்க்கும், ஒவ்வொரு முடியும் வார்னிஷில் ஒட்டிக்கொண்டு மானத்தை வாங்கும் என்றார். ரோலர் கதவுக்குச் சரி, கட்டில் காலுக்கு ஒத்து வராது, குமிழ் குமிழாக நிற்கும் என்றார்.

"இந்த எண்ணெய் வார்னிஷுக்குத் துணிதாம்மா ராஜா. இப்பப் பாருங்க."

பழைய பனியன் துணியை மடித்து டப்பாவில் தோய்த்து, ஒரு பலகைத் துண்டின் மேல் தேய்த்தார். மரத்தின் ரேகைகள் பளிச்சென்று எழுந்தன. எண்ணெய் வாடை வந்ததும் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"வேலை முடிஞ்சதும்... அந்தத் துணியை என்ன பண்றது?"

"என்ன பண்றது? சுருட்டி ஒரு மூலையில போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்க வேண்டியதுதான்."

சொன்னபடியே துணியைச் சுருட்டி மேஜைக்கடியில் இருந்த அட்டைப் பெட்டிக்குள் போட்டார். காலையிலிருந்து வந்தவர்களுக்குத் தேய்த்துக் காட்டிய துணிகள் அதில் குவிந்து கிடந்தன.

"எல்லாருக்கும் இப்படித்தான் சொல்வீங்களாண்ணே?"

"பதினோரு வருஷமா இதே பாட்டுதான்."

அவள் டப்பாவை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்து.

"கண்ணாடியப் போட்டுக்கிட்டு இதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்கண்ணே. எனக்குப் படிக்க தைரியம் வரல."

அவர் சிரித்துக்கொண்டேதான் கண்ணாடியை மாட்டினார். "பயன்படுத்திய துணிகளைச் சுருட்டியோ குவித்தோ வைக்காதீர்கள். அவை தாமாகவே சூடேறித்..." குரல் இறங்கியது. "...தீப்பற்றிக்கொள்ளும்."

அவள் குனிந்து அட்டைப் பெட்டியை வெளியே இழுத்தாள். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து வாசலிலிருந்த தண்ணீர் வாளிக்குள் போட்டாள். ஒன்றை மட்டும் அவர் கையில் வைத்தாள். குவியலின் அடியில் கிடந்த துணி அது. நன்றாகச் சுட்டது.

கடைக்காரர் சட்டென்று அதையும் வாளிக்குள் எறிந்தார். "சத்தியமா இதை நான் படிச்சதே இல்லம்மா."

"நானும்தாண்ணே. 'கடைக்காரர் சொன்னபடிதான் துணியை மூலையில போட்டேன், அந்த டப்பாவையாவது வாங்கிப் படிச்சுப் பாரு'ன்னு ஒம்பது மாசமா அவர் ஜெயில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுக் கெஞ்சுறார்."

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"முதல் நாள் எங்கப்பாவுக்கும் அவருக்கும் பெரிய சண்டை. மறுநாள் அப்பா அந்த ரூமுக்குள்ளயே கருகிக் கிடந்தார். வேற யாரு செஞ்சிருப்பாங்கன்னு நெனச்சு, அவர் தீ வச்சதை என் ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன்னு கோர்ட்டுல பொய்ச் சத்தியம் பண்ணினது நான்தாண்ணே."