மூன்றாவது பலகை

"இன்னைக்காவது குடிச்சுதா, பெயின்டரே?"

ஜன்னலிலிருந்து கேட்டாள் கடிகாரக்காரி. நின்றுபோன கடிகாரங்களை ஓட வைப்பது அவள் தொழில். முன்னறைச் சுவர் முழுக்கக் கடிகாரங்கள். ஒன்று காட்டும் மணியை இன்னொன்று காட்டாது. அந்த அறையில் உட்கார்ந்தால் காலை எது, மதியம் எது என்று பெயின்டருக்கு மறந்தே போகும்.

அவன் புது மரவேலியின் முன் குந்தினான். எப்போதும் போல மூன்றாவது பலகை. விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு சொட்டு வைத்தான். சொட்டு உள்ளே இறங்கவில்லை. உருண்டு திரண்டு, வெயிலை வாங்கி மினுங்கியது.

"இல்ல மேடம். தண்ணியைக் குடிச்சாத்தான் மரம் காஞ்சிருக்குன்னு அர்த்தம். ஈர மரத்துல எண்ணெய் பூசினா வெளியில பளபளன்னு இருக்கும், உள்ள அழுகும்."

"சில மனுஷங்க மாதிரி."

"யாரைச் சொல்றீங்க?"

"கடிகாரத்தைக் குடுத்துட்டுத் திரும்பியே வராதவங்களை. உள்ள வாங்க, டீ ஆறுது."

டீ டம்ளரை நீட்டிய அவள் விரல்களில் எண்ணெய் வாசம். கடிகார எண்ணெயாக இருக்கும் என்று நினைத்தான். அதுவும் அவனுக்குப் பிடித்திருந்தது.

"போன வேலி ரெண்டே மழையில உளுத்துப் போச்சு," என்றாள் அவள், ஒரு பல்சக்கரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி. "இதையும் அப்படி விட்டுடாதீங்க. உங்களை நம்பித்தான் இருக்கேன்."

"மழைக்கு முன்னாடி முடிச்சுடுவேன் மேடம்."

சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் டம்ளரை வைத்தான்.

வீட்டில் அக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாப்பது பலகை. ஒரு நாள் வேலை. இருபது நாளா போய்ட்டு வர்ற. காயாம இருக்கறது மரமாடா, இல்ல உன் மண்டையா?"

"மரம் அப்படிக்கா."

"நாளைக்கு மழைன்னு ரேடியோவுல சொல்லிட்டான். அந்தப் பொண்ணு வேலி நனைஞ்சு நாறட்டும், அப்புறம் இருக்கு உனக்கு. நாப்பத்திரண்டு வயசுல இப்பத்தான் ஒரு வீட்டுல உனக்கு டீ குடுக்கறாங்க. அதையும் கெடுத்துக்க."

அக்காவிடம் சொல்ல முடியாத ஒன்று அவன் மனதில் கிடந்தது. மரம் முதல் நாளே நன்றாகக் காய்ந்துதான் இருந்தது. நிறம் பார்க்க மூன்றாவது பலகையில் மட்டும் எண்ணெய் பூசினான். அப்போது அவள் டீ கொண்டுவந்தாள். ஒரு சொட்டு எண்ணெய் கூடினாலும் கடிகாரம் நின்றுவிடும் என்றாள். பேச்சு எங்கெங்கோ போய், கண்மூடித் திறப்பதற்குள் சாயங்காலம். மறுநாள் பூசினால் வேலை முடிந்துவிடும். அதன் பிறகு இந்தத் தெருப் பக்கம் வர அவனுக்கு என்ன சாக்கு?

அதனால் அந்த இரண்டாம் நாள், எண்ணெய் குடித்த அந்தப் பலகையிலேயே தண்ணீர்ச் சொட்டு வைத்தான். எண்ணெய் மேல் தண்ணீர் நிற்காமல் என்ன செய்யும்? "இன்னும் காயல மேடம்" என்றான். வாயிலிருந்து அது தானாக வந்தது.

மூன்றாவது பலகை மட்டும் தனி நிறமாகத் தெரிகிறதே என்று முதலில் பயந்தான். நல்லவேளை, மற்ற பலகைகளும் கோடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தேன் நிறத்துக்கு வந்துகொண்டிருந்தன. வெயில்பட்டால் மரம் கறுக்கும்தானே. வெயில்கூடத் தன் பக்கம் என்று மிதந்துகொண்டிருந்தான்.

வானத்தைத்தான் மறந்துவிட்டான்.

விடிந்தபோது மேகம் கூரைமேல் கவிழ்ந்து கிடந்தது. தார்ப்பாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். பாதித் தெருவில் தூறல் பிடித்தது. முனை திரும்புவதற்குள் மழை.

அவள் குடையோடு வேலி ஓரம் நின்றிருந்தாள்.

"மேடம், தப்பு என் மேல," என்றான் மூச்சு வாங்க. "மரம் எப்பவோ காஞ்சாச்சு. இந்த ஒரு பலகையில மட்டும் எண்ணெய் பூசிட்டு, அதுலயே தினமும் சொட்டு வெச்சு உங்களை ஏமாத்திட்டேன். பிடிங்க, மூடிடலாம்."

அவள் தார்ப்பாயைத் தொடவில்லை.

"மாஞ்சு மாஞ்சு தினமும் மூணாவது பலகையையே பார்த்தீங்களே. மத்ததையும் கொஞ்சம் பாருங்க."

பார்த்தான். நாற்பது பலகையிலும் மழை உள்ளே இறங்காமல் முத்து முத்தாகத் திரண்டு உருண்டுகொண்டிருந்தது.

"எண்ணெயில தண்ணி நிக்கும்னு கடிகாரக்காரிக்குத் தெரியாதா? நீங்க போனப்புறம் தினம் ரெண்டு பலகை. நீங்க இங்கயே விட்டுட்டுப் போற எண்ணெய் டின்தான். நேத்தோட முடிஞ்சுது."

அவன் தார்ப்பாயைக் கீழே போட்டான்.

"அப்போ தினமும் காலையில... குடிச்சுதா, குடிச்சுதான்னு கேட்டீங்களே?"

குடையை அவன் தலைப் பக்கமும் சாய்த்துப் பிடித்தாள்.

"கேக்கலைன்னா, நீங்க வர்றது நின்னுடுமே."