நிற்கத் தெரியாதவள்

"கால மாத்து! மறுபடியும் வலது காலா?" மாஸ்டர் பிரம்பால் மருமகளின் முழங்காலில் தட்டினார். தட்டினார் என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது, நன்றாகவே வலித்திருக்கும்.

கராத்தே கூடத்தில் வரிசையாக நின்ற மாணவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். இங்கே மருமகள்.

"இங்க பாரு. எதிர்ல நிக்கிறவன் வலது கையால அடிப்பான். அடி உன் இடது கன்னத்துக்குத்தான் வரும். அதனால இடது கால் முன்னாடி, இடது கை மேல. இதென்ன கம்ப சூத்திரமா?"

அவள் சரியாகத்தான் நின்றாள். எதிரே நின்ற பச்சை பெல்ட் மாணவி கையை ஓங்கியதுதான் தாமதம், கால் தானாக மாறியது. வலது கை வலது கன்னத்தை மறைக்கப் போனது, இடது கன்னத்தில் அடி பளாரென்று விழுந்தது.

"வேணும்னே பண்றியா? என் மானத்த வாங்கத்தான் இங்க வர்றியா?"

"இல்ல மாமா. யாராவது கை ஓங்குனாலே இப்படித்தான் வருது."

ஜன்னலோரம் சாய்ந்திருந்த மாஸ்டரின் மகன், அவள் கணவன், இடது கையால் விசிலைச் சுழற்றியபடி சிரித்தான். தனிக்குடித்தனம் போன பிறகும் மாலை வகுப்புக்குத் தவறாமல் வந்து அப்பாவுக்குத் துணையாகச் சொல்லிக்கொடுப்பவன்.

"நான்தான் அப்பவே சொன்னேனேப்பா. இவளுக்கு எதுக்கு இதெல்லாம்? அடுப்பப் பாத்துக்கிட்டா போதாதா?"

மாஸ்டருக்குக் கோபம் தலைக்கேறியது. "இதான் கடைசி. இப்பவும் தப்பா நின்னேன்னா நாளையிலேர்ந்து இந்தப் பக்கமே வராத!"

"அனுப்பிடாதீங்க மாமா. நான் கத்துக்கிட்டே ஆகணும்." அவள் கெஞ்சினாள். மாஸ்டர் இரங்கவில்லை.

"டேய், நீ வா. நீயே அடி. அப்பவாவது இவளுக்குப் புத்தி வருதா பாப்போம்."

மகன் தயங்கினான். "நான் எதுக்குப்பா..."

"வாடான்னா!"

அவன் எதிரே வந்து நின்றான். அவள் வலது காலை முன்னால் வைத்தாள். மாணவர்கள் இந்த முறை வாய்விட்டே சிரித்தார்கள்.

அவனுடைய இடது கை பாய்ந்தது. அது பாதி வழி வருவதற்குள் அவள் வலது கை அதைத் தட்டிவிட்டது. முகம் சிவக்க மறுபடி அடித்தான், இப்போது நிஜமாகவே. அதுவும் அவள் கன்னத்தைத் தொடவில்லை.

சிரிப்பு நின்றுபோனது. இடது கைக்காரனான அவனைத் தடுக்க அங்கே கறுப்பு பெல்ட்டுகளே திணறுவார்கள். மாஸ்டர் பிரம்பை இறக்கினார்.

"இவன் அடி எங்க விழும்னு உனக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

அவள் கையை இறக்கவில்லை. கணவனைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தினமும் அங்கதான் விழுது, மாமா."