விருந்துக்கு வந்த இலை

அந்த அம்மாளைப் பார்த்ததுமே எனக்குப் பிடிக்கவில்லை.

தன் வீட்டு வாசலை மளமளவென்று பெருக்கிவிட்டு, பக்கத்து வீட்டு எல்லைக்குள் சரியாக ஒரு சாண் போனதும் விளக்குமாற்றை நிறுத்திவிட்டார். அதற்கு அப்பால் வாசல் முழுக்க மஞ்சள் இலை. அந்த வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

"நிஷிவாகி ஐயா," என்று மூடிய கதவைப் பார்த்துத் தேன் குரலில் கூப்பிட்டார். "உங்க வீட்டு இலையெல்லாம் எங்க வீட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு. உபசாரம் பண்ணி மாளல."

உள்ளேயிருந்து சத்தமே இல்லை.

கியோட்டோக்காரர்கள் இப்படித்தான். திட்டினால்கூட வாழ்த்துகிற மாதிரி இருக்கும். நாங்கள் பக்கத்து ஊர், ஒசாகா. எங்களுக்குத் திட்டு என்றால் திட்டுதான்.

கோயில் தெருக்களைச் சுற்றிக் காட்டும் இந்த நடைக்கு அம்மாதான் என்னை இழுத்து வந்தாள். "படிப்பையும் விட்டுட்ட. வீட்ல சும்மாதான கிடக்கற, வா." முன்னால் சின்னக் கொடியோடு வழிகாட்டி தமாகி. பின்னால் நாங்கள் ஒரு கும்பல்.

"ஏம்மா தமாகி, அந்தம்மா ஏன் அங்கயே நிறுத்திட்டாங்க? கை வலியா?" என்றாள் அம்மா.

தமாகி குரலைத் தாழ்த்தினாள். "இங்க அதான் வழக்கம். அடுத்த வீட்டுப் பக்கம் ஒரு சாண் பெருக்கணும். அதுகூடப் பெருக்கலைன்னா கஞ்சன். அதுக்கு மேல பெருக்கினா, 'வாசல் பெருக்கக்கூட உனக்குத் துப்பில்ல'ன்னு சொல்ற மாதிரி."

"அந்த வீட்ல பெருக்க ஆள் இல்லியா?"

"இருக்கார், தனியா. வசந்தத்துல செர்ரி பூத்தப்போ மனைவி தவறிட்டாங்க. அதுலேருந்து யாரோடவும் பேச்சில்ல."

அம்மாவின் முகம் மாறியது. "பொண்டாட்டியைப் பறிகொடுத்த மனுஷன்கிட்ட போய் இலைக்குப் பஞ்சாயத்தா? பாத்தியாடி? ஒரு சாண் வாசல், ஒரு சாண் மனசு."

எனக்கும் அதேதான் தோன்றியது.

"வேண்டாம்மா, நமக்குக் கோயிலுக்கு நேரமாச்சு..." என்று தமாகி இழுத்தாள். அம்மா கேட்கிற ரகமில்லை. அந்த அம்மாள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கினாள். சரசரவென்று அந்த வாசல் முழுவதையும் பெருக்கி, இலைகளை ஒரு பையில் வாரிக்கொண்டாள். கூட வந்தவர்கள் கை தட்டினார்கள். ஒருத்தர் படம் எடுத்தார். பெருக்கியது அம்மா, படத்தில் சிரித்தது எல்லோரும்.

அந்த அம்மாள் தடுக்கவில்லை. இடுப்பை வளைத்து வணங்கினார். "ஒசாகாக்காரங்களுக்குக் கைதான் எவ்வளவு சுறுசுறுப்பு. எங்களுக்கெல்லாம் வராது."

"அட, இதுல என்னங்க இருக்கு," என்று அம்மா பூரித்துப் போனாள்.

தமாகிக்குக் காதுவரை சிவந்துவிட்டது. கொஞ்ச தூரம் போனதும் என்னிடம் முணுமுணுத்தாள். "அது பாராட்டு இல்ல. 'உன்னை யாரு கூப்பிட்டா'ன்னு அர்த்தம்."

உடனே அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க எனக்கு வராது.

"நல்லது பண்ணினாக்கூட அவங்களுக்குக் குத்துது," என்றாள் அம்மா. இரண்டு தெரு தள்ளியிருந்த கோயில் வரைக்கும் அதே புலம்பல். பையிலிருந்த இலைகளைக் கோயில் மரத்தடிக் குவியலில் கொட்டும்போதும் அதேதான். தமாகி புத்தரைப் பற்றிச் சொன்னது எதுவும் எங்கள் காதில் ஏறவில்லை.

திரும்பி வருவதற்கும் அந்தத் தெருதான் வழி.

எங்களுக்கு முன்னால் அந்த அம்மாள் போய்க்கொண்டிருந்தார். கையில் கூடை. கோயில் குவியலிலிருந்து அள்ளிய இலை, விளிம்புவரை. நிஷிவாகி வீட்டு வாசலில் நின்றார். அக்கம்பக்கம் பார்த்தார். கூடையை அப்படியே கவிழ்த்து, காலால் பரப்பிவிட்டார். தன் வீட்டுப் பக்கமும் கொஞ்சம் தள்ளிக்கொண்டார்.

அம்மா பாய்ந்து போனாள். "ஏங்க, நீங்களே கொட்டிட்டு நீங்களே அந்த மனுஷனைக் குத்திக் காட்டுவீங்களா? என்ன ஜென்மங்க இது?"

அந்த அம்மாள் உதட்டில் விரலை வைத்தார். இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை.

"மெதுவாப் பேசுங்க தங்கச்சி. முள்ளங்கி வேக வச்சுக் கொண்டுபோனேன். கதவுக்கு வெளியவே ஆறிப்போச்சு. உடம்பு எப்படியிருக்குன்னு கேட்டேன், பதில் இல்ல. இலை எங்க பக்கம் வருதுன்னு சொன்னா மட்டும் வெளிய வர்றார். அடுத்தவங்களுக்குத் தொல்லையா இருந்துடக் கூடாதுங்கற மானம் ஒண்ணுதான் அவர்கிட்ட மிச்சம். இன்னிக்கு அவர் வர்றதுக்குள்ள நீங்க பெருக்கிட்டீங்க."

அம்மா பின்வாங்கி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

அந்த அம்மாள் தன் வாசலுக்குப் போய் நின்று குரலில் தேனைத் தடவிக்கொண்டார். "நிஷிவாகி ஐயா, விருந்தாளிங்க மறுபடியும் வந்துட்டாங்களே."

அசைவே இல்லை. அவ்வளவுதான், இன்றைக்குத் திறக்காது என்று நினைத்தேன். அம்மா என் கையைப் பிடித்திருந்தாள். வலித்தது, ஆனால் உதறவில்லை.

கதவு மெல்ல நகர்ந்தது.

மழிக்காத முகம், கசங்கிய சட்டை, கையில் விளக்குமாறு. "மன்னிச்சுக்குங்க, ரொம்பத் தொந்தரவு," என்று தலையைத் தாழ்த்திக்கொண்டே வெயிலுக்கு வந்தார் நிஷிவாகி. பெருக்க ஆரம்பித்தார். நடுவில் நிமிர்ந்து தெருவின் இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் பார்த்தார்.

"இந்தத் தெருவுல ஒரு மரம்கூட இல்ல. எங்கேர்ந்துதான் வருதோ."

அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் என் அம்மா முந்திக்கொண்டாள்.

"எல்லாம் காத்துதாங்க ஐயா. நாளைக்கும் அடிக்கும்னு சொல்றாங்க."