கடைசித் தபால் அட்டை

"எந்திரிங்கம்மா. பேப்பர் படிக்கிற இடம் இனிமே இங்க இல்ல."

பொக்லைன் ஓட்டுநர் குரலைக் கொஞ்சம் கடுமையாகவே வைத்துக்கொண்டார். நூலகத்தின் வாசற்படியில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா அசைந்து கொடுக்கவில்லை. காலில் தேய்ந்த ரப்பர் செருப்பு, மடியில் ஒரு துணிப்பை. வழக்கமாக வருகிறவராக இருக்கும், சேதி இன்னும் எட்டவில்லை போல என்று நினைத்தார் ஓட்டுநர்.

"புத்தகமெல்லாம் போன வாரமே வேற கட்டடத்துக்குப் போயிடுச்சும்மா. உள்ள நாலு சுவருதான் மிச்சம்."

"தெரியும். நான் சுவருக்காகத்தான் வந்திருக்கேன்."

பைக்குள் கையை விட்டுப் பழைய தபால் அட்டைகளை எடுத்துப் படியில் வரிசையாகப் பரப்பினார். எல்லாம் இந்த ஊரின் பழைய கட்டடங்கள், கறுப்பு வெள்ளையில். "கடைத்தெரு அச்சகத்துல கண்ணாடிக்குப் பின்னாடி வச்சிருந்தாங்க. நேத்துதான் என் கண்ணுல பட்டுச்சு."

ஓட்டுநர் வேண்டாவெறுப்பாகக் குனிந்து பார்த்தார்.

"இந்த ரயிலடியை இடிச்சது யாரு?"

"நான்தான்."

"மணிக்கூண்டு?"

"அதுவும் நான்தான். பழைய ஆஸ்பத்திரியும் நான்தான், போதுமா? இடின்னா இடிக்கிறேன். எனக்கென்ன வேண்டுதலா?"

சுள்ளென்று சொல்லிவிட்டாரே தவிர, மணிக்கூண்டை விட்டு அவர் கண் நகரவில்லை. இடிக்கப் போனபோது அது பல்லிளித்துக்கொண்டு நின்ற வெறும் செங்கல். படத்தில் மாப்பிள்ளை மாதிரி அல்லவா நிற்கிறது!

கடைசி அட்டையில் இதே நூலகம், சுண்ணாம்பு வாடை அடிக்கும் போலப் புத்தம் புதிதாக. அதன் முன்னால் ஊரே திரண்டு நின்றது. ஆண்கள் கையில் மண்வெட்டி. இடுப்பில் பிள்ளையும் தலையில் கல்லுமாகப் பெண்கள்.

"ஊர்க்காரங்களே மண்ணு சுமந்து கட்டியிருக்காங்க தம்பி. இதைப் போய்ப் பயனற்ற கட்டடம்னு எழுதிட்டா ஒருத்தி. கார் நிறுத்த இடம் வேணும்னு மேல இருந்து சொன்னாங்களாம். ஒரு நடை வந்து எட்டிப் பார்க்கல. நீட்டின இடத்துல கையெழுத்தைப் போட்டுட்டா."

ஓட்டுநர் பதறிப்போனார். "பெரிய ஆபீசரைப் போய் 'எழுதிட்டா', 'போட்டுட்டா'ன்னு மரியாதையில்லாம பேசாதீங்கம்மா. யார் காதுலயாவது விழுந்தா வம்பு."

"விழட்டுமே. அவளுக்கு அந்த மரியாதை போதும்."

அதற்குள் ஓட்டுநரின் போன் அலறியது. முதலாளி போட்ட சத்தம் படி வரைக்கும் கேட்டது. "ஒரு பொம்பளையை நகர்த்தத் துப்பில்லையா உனக்கு? வண்டியை முன்னாடி விடுய்யா, தன்னால எந்திரிச்சு ஓடுவா!"

ஓட்டுநர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். நூலகத்து ஜன்னல்கள் கடகடவென்று நடுங்கின. இரும்புக் கை மேலே தூக்கிக்கொள்ள, பொக்லைன் படியை நோக்கி ஊர்ந்தது.

அந்த அம்மா அட்டைகளை அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தார். அப்பாடா என்றிருந்தது ஓட்டுநருக்கு. ஆனால் அவர் விலகவில்லை. மேல்படிக்கு ஏறி, கதவில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

ஓட்டுநர் வண்டியை அப்படியே பிடித்து நிறுத்தி, இன்னும் அணைக்காத போனை வாயருகே கொண்டுபோனார்.

"ஆள் மேல ஏத்தறதுக்கு நான் வரல முதலாளி. வேணும்னா நீங்க வந்து ஓட்டிக்குங்க."

பதிலுக்குக் காத்திராமல் போனை வைத்தார். முதலாளியிடம் அவர் இப்படிப் பேசியதே இல்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொள்ள, உறுமிக்கொண்டிருந்த வண்டியிலிருந்து தலையை நீட்டிக் கத்தினார்.

"என் பொழப்புல ஏம்மா மண்ணைப் போடறீங்க? நான் போனா இன்னொருத்தன் வரப்போறான். உத்தரவை ரத்து பண்ணினா அந்த ஆபீசரம்மா நாற்காலியே காலியாம், ஊரே பேசிக்குது. அவங்க பண்ணுவாங்களா?"

"நாற்காலி போனா போகட்டும்."

"நீங்க சுளுவா சொல்லிடுவீங்க. கையெழுத்துப் போட்ட ஆபீசரம்மா இங்க வந்து, என் மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்லட்டும். அந்த நிமிஷமே நிறுத்தறேன்!"

அந்த அம்மா விரித்த கைகளை இறக்காமலே அவர் முகத்தை நேருக்கு நேர் பார்த்தார்.

"வந்து ரொம்ப நேரமாச்சு தம்பி. நிறுத்து."